தோத்துட்டு வாங்க

வருஷா வருஷம் தோற்கிற பேஸ்பால் அணிக்கு ரசிகன் என்று ஒரு பிராணி உண்டு. பார்ப்பதற்கு மனிதன் மாதிரியே இருக்கும். வேலைக்குப் போகும், பேருந்தில் வயதானவர்களுக்கு இடம் கொடுக்கும், மாமியார் வந்தால் எழுந்து நிற்கும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மட்டும் அதனிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கொடுத்தீர்களென்றால், நேற்று ஏழாவது இன்னிங்ஸில் பந்து வீசுகிறவரை மாற்றியது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று விளக்கி முடிக்கும்வரை உங்கள் சட்டைப் பொத்தானை விடாது. இந்தப் பிராணியை நான் மிக அருகிலிருந்து ஆராய்ந்திருக்கிறேன். தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்து அதற்குச் சவரம் செய்துவிடுவதே நான்தான்.

எனக்கு ஊர் தென்கொரியாவில் ஜியோன்ஜு. தொழில் பல் வைத்தியம். எங்கள் அணிக்குப் பெயர் கொக்குகள். பத்து அணிகள் ஆடுகிற போட்டியில் ஒன்பதாவது இடத்துக்கு வந்தாலே கடைத்தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் வணக்கம் சொல்ல வாய்ப்பு வருவதில்லை.

என் தொழிலில் ஒரு வசதி உண்டு. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாய்க்குள் என் இரண்டு கையும் இருக்கும்போது அவரால் மறுத்துப் பேச முடியாது.

"நம்ம பசங்க அடிக்கறதெல்லாம் நல்லாத்தான் அடிக்கறாங்க. கோச்சுக்குத்தான் மூளை இல்ல. என்ன சொல்றீங்க?"

"ஆ... ஆ..."

"அதேதான் நானும் சொல்றேன்."

இப்படியாக, என் கருத்தை ஒப்புக்கொள்ளாதவர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

இந்தப் பிராணிக்கு மார்ச் மாதம் வசந்தம். பயிற்சி ஆட்டங்கள் அப்போதுதான் நடக்கும், பயிற்சி ஆட்டங்களில் ஜெயிப்பது எங்கள் அணிக்குக் கைவந்த கலை. "இந்த வருஷம் வேற மாதிரி" என்று மார்ச்சில் தொடங்குவேன். ஏப்ரலில் குளிர் விடவில்லை, பையன்களுக்குக் கை சூடேறவில்லை என்பேன். மே மாதத்தில், டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த புது ஆளுக்கு நம் ஊர்ச் சாப்பாடு இன்னும் பிடிபடவில்லை என்பேன். ஜூனில் முழங்கால் வலி, ஜூலையில் மழை, ஆகஸ்டில் வெயில் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டி, செப்டம்பரில் பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருக்கிற ஆட்டங்களையெல்லாம் நாங்கள் ஜெயித்து, எங்களுக்கு மேலே இருக்கிற அணிகளெல்லாம் ஒன்று விடாமல் தோற்று, நடுவில் ஒரு புயலும் அடித்தால் அடுத்த சுற்றுக்குப் போகத் தேவையான ஐந்தாவது இடத்துக்கு வந்துவிடலாம் என்று நோயாளியின் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவேன். கணக்கு சரியாகத்தான் வரும். அணிதான் வராது.

நடுநடுவே ஞானோதயமும் உண்டு. "இனிமேல் பேஸ்பால் பார்த்தால் நான் மனுஷனே இல்லை" என்று சபதம் செய்து, அணியின் சட்டையைச் சுருட்டி, அடுக்குமாடி வாசலில் இருக்கும் பழைய துணிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தலைநிமிர்ந்து மாடியேறி வருவேன். மறுநாள் அவர்கள் தற்செயலாக ஜெயித்துத் தொலைப்பார்கள். காவலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன்.

"பெட்டிச் சாவி வேணும், இல்லையா டாக்டர்?"

"எப்படித் தெரியும்?"

"ஆறாவது மாடிக்காரர் இப்பத்தான் குனிஞ்சு தேடிட்டுப் போறாரு. உங்க சட்டை மேலதான் கெடக்கு. எடுத்துக்குங்க."

அந்தச் சட்டையின் முதுகில் இருக்கிற பெயருக்கு உரியவர் எங்களை விட்டுப் போய் நான்கு வருஷமாகிறது. இப்போது வேறு அணியில் ஆடி, எங்களை அடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார். இருந்தாலும் சட்டையை மாற்ற மனம் வரவில்லை. திரும்பி வந்தாலும் வருவார்.

அப்பாவின் திதியன்று நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படையலுக்கு முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டேன். கைகளுக்கு நடுவே போன். எட்டாவது இன்னிங்ஸ், சமநிலை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், நான் மட்டும் எழவில்லை. பெரியப்பா கண்கலங்கி, "பையன்னா இப்படி இருக்கணும்டா, அப்பன் மேல எவ்வளவு பாசம் பாரு" என்றார். என் மனைவி யோங்சுக் என் விலாவில் காலால் ஒரு தட்டு தட்டினாள். அன்றும் தோற்றோம்.

சரி, இந்தப் பிராணியின் புத்தி எந்த அழகில் இருக்கும் என்று தெரிய, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் தெருமுனையில் குவாக் மான்சிக் அண்ணன் சூப்புச்சோற்றுக் கடை வைத்திருக்கிறார். அவரும் என் இனம்தான், என்னைவிட முற்றிய கேஸ். அவருக்கு ஒரே மகன் சியூ. ஊர் உயர்நிலைப்பள்ளி அணியில் இடக்கையால் பந்து வீசுகிறவன். அவன் வீசினால் பந்து கையை விட்டுப் புறப்படுவது தெரியும், அப்புறம் பிடிப்பவனின் கையுறைக்குள் சத்தம் கேட்கும், நடுவில் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. மறுவருஷம் அவன் பள்ளியை முடிக்கிறான். நாட்டிலுள்ள பத்து அணிகளும் அவன்மேல் கண் வைத்திருந்தன.

பள்ளிப் பையன்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதி உண்டு. முந்தின வருஷம் கடைசியில் வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. அந்த வருஷம் கடைசி இடத்துக்கு எங்களுக்கும் சோல் நகரத்து நரிகள் அணிக்கும் கடும் போட்டி. நரிகள் தங்கள் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டார்கள். எங்களுக்கு ஒன்று பாக்கி. தோற்றால் கடைசி இடம் எங்களுக்கு, சியூ வீட்டோடு இருந்து சொந்த ஊருக்கு ஆடுவான். ஜெயித்தால் கடைசி இடம் நரிகளுக்கு, பையன் சோலுக்குப் போய்விடுவான்.

மான்சிக் அண்ணனின் மனைவி சன்ஜா அண்ணிக்கு பேஸ்பால் என்றாலே வேப்பங்காய். ஆனால் மகன் என்றால் உயிர். தோற்பதில் எங்களுக்குள்ள நீண்ட அனுபவம் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படப் போகிறது என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். அன்று மத்தியானம் அவரைக் கடையில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பியபோது அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"சியூ அப்பா, வழக்கம்போல கத்திக் கூத்தடிக்காம, நல்லபடியா தோத்துட்டு வாங்க."

"கவலைய விடு. தோக்கறதுக்கு நம்ம பசங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

யோங்சுக்கும் கூட வந்தாள். "நீங்க தோக்கணும்னு வேண்டிக்கிட்டுப் போறீங்களாமே. அந்தக் கண்கொள்ளாக் காட்சிய நான் பாக்க வேணாமா?" என்றாள்.

எங்கள் மைதானத்தில் அடிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பாட்டு உண்டு. பன்னிரண்டு ரன் பின்தங்கியிருந்தாலும் எழுந்து நின்று பாடுவோம். பாடினால் அடிப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் அன்று வாயைத் திறப்பதில்லை என்று நானும் அண்ணனும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பாட்டு தொண்டைவரை வந்துவிட்டால் உடனே ஒரு பொரித்த கோழித்துண்டை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே இரண்டு பெரிய பெட்டி வாங்கிவைத்திருந்தோம்.

ஆட்டம் அற்புதமாகப் போயிற்று. முதல் இன்னிங்ஸிலேயே எங்கள் ஆள் இரண்டாவது தளத்துக்கு ஓடும்போது கால் தடுக்கி விழுந்தார். அண்ணன் என் தொடையில் தட்டி, "தங்கம்யா இவன்" என்றார். மூன்றாவதில் கைக்கு நேராக வந்த பந்தை ஒருவர் வெயிலில் தொலைத்துவிட்டுத் தேடினார். எட்டு வருஷமாக நான் வாய்கூசாமல் திட்டிவந்த அத்தனை பேரும் அன்று என் கண்ணுக்கு மாணிக்கங்களாகத் தெரிந்தார்கள். தோற்பது இவ்வளவு இனிமையானது என்று தெரிந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் ஏன் வயிற்றெரிச்சல் பட்டிருப்பேன்?

ஒன்பதாவது இன்னிங்ஸ், எங்கள் கடைசி வாய்ப்பு. ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, அதில் ஒருவர் ஏற்கெனவே அவுட். எப்படியோ இருவர் தளங்களில் போய் நின்றுவிட்டார்கள், யாராவது அடித்தால் ஓடிவர. எனக்கு லேசாக வியர்த்தது. அடுத்து யார் என்று பார்த்தேன், உயிர் வந்தது. பியோன் தேசூ.

தேசூவுக்கு ஒரு தனித்திறமை உண்டு. ஒரே பந்தில் தானும் அவுட்டாகி, ஓடிக்கொண்டிருக்கும் சகாவையும் அவுட்டாக்கிவிடுவார். இந்த வித்தையில் நாட்டிலேயே அவருக்கு ஈடு கிடையாது. நாம் நம்பி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தவறாமல் செய்து காட்டுவார். அவர் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், "அண்ணே, முடிஞ்சுது. பையன் வீட்டுலதான்" என்றேன்.

அண்ணன் கோழிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பெட்டி காலி. இன்னொன்றும் காலி.

மேளம் முழங்கியது. சுற்றி எல்லோரும் எழுந்தார்கள். முதலில் ஏதோ கரகரப்பாக ஒரு குரல் பக்கத்திலிருந்து கேட்டது. திரும்பினேன். மான்சிக் அண்ணன், கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிமேல் ஏறி நின்று பாடிக்கொண்டிருந்தார்.

"பறக்க விடு தேசூ, நாங்க இருக்கோம் தேசூ..."

"அண்ணே, சியூ, சியூ" என்று அவர் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை தாளம் போட்டது. என் வாய் எப்போது திறந்தது என்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கம் யோங்சுக், பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றுகூடத் தெரியாதவள், எல்லா வரியையும் தப்பில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியதன் பலன்.

தேசூ அடித்தார். பந்து எங்கள் தலைக்கு மேலே போய் வேலிக்கு வெளியே, வாகனம் நிறுத்துகிற இடத்தில் விழுந்தது.

நானும் அண்ணனும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். முன் வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை, பத்தாவது இடத்திலிருந்து ஒன்பதாவது இடத்துக்கு வந்தோம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூடப் பட்டதில்லை. இதை யோங்சுக்குக்கும் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது.

"ஏங்க, நாம தோக்கத்தானே வந்தோம்?"

அண்ணன் மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினார். மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தோம். வழியெல்லாம் கொடியை ஆட்டிக்கொண்டு போனவர்கள் எங்களைப் பார்த்து, "என்ன டாக்டர், துக்க வீட்டுக்கா?" என்று கேட்டார்கள்.

கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தேசூவின் அடியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதற்கு முந்தின காட்சியாக, நாற்காலிமேல் நின்று வாயை அகலத் திறந்து பாடுகிற ஒரு மனிதரையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த வாயில் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு நான் போட்ட உறை நன்றாகத் தெரிந்தது.

அண்ணி எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. சூப்புச்சோறு வந்தது. எப்போதும் கூடவே சின்னக் கிண்ணத்தில் வருகிற அரைவேக்காட்டு முட்டை வரவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. மூலையில் சியூ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், சிரிப்பை அடக்கி அடக்கி அவன் காது சிவந்துபோயிருந்தது.

"டேய், நீ என்னடா செஞ்ச?" என்றார் அண்ணன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"இவனா? குதிச்சான். சோலுக்குப் போகப் போறோமேங்கற நெனப்பே இல்லாம, அந்த ஸ்டூல ஒடச்சான்" என்றார் அண்ணி. "எல்லாம் ஒரே ரத்தம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தேன். சோறு அடிப்பிடித்திருந்தது. முப்பது வருஷமாக அந்தக் கடையில் சோறு அடிப்பிடித்ததில்லை. அடுப்பை விட்டு இந்த அம்மாள் எங்கே போயிருந்தார்? அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். யோங்சுக் வாயைத் திறக்கப் போனாள், மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். மூன்று பேரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம்.

மறுவருஷம் நரிகள் சியூவை எடுத்துக்கொண்டார்கள். அண்ணி பேருந்து நிலையத்தில் அழுதார், அண்ணன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வண்டியில் போகலாமே என்று மூன்று வண்டிகளை அனுப்பினார். தேசூவுக்கு அந்த ஒரே அடிக்காக நிர்வாகம் இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் கொடுத்தது. அந்த இரண்டில் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நாங்கள் மகத்தான முறையில், ஐயத்துக்கே இடமில்லாமல், கடைசியில் வந்தோம். முதல் வாய்ப்பு எங்களுக்கே. ஆனால் அடுத்து பள்ளி முடிக்கிற பையன்களில் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லையாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'எனக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம், நான் இந்த மாதிரிப் பைத்தியம் இல்லை' என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நல்லது. எந்தத் தேர்தலிலும் டெபாசிட் வாங்காத கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்களும், இந்தத் தடவை நிச்சயம் திருந்திவிட்டேன் என்று வந்து நிற்கிற மச்சானுக்கு மறுபடியும் வேலை பார்த்துக் கொடுக்கிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். உங்களை நான் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் தேசூ மட்டையைத் தட்டிக்கொண்டு வந்தாரே, அப்போது, அந்தத் தாயைவிட்டுப் பிள்ளை பிரியக் கூடாது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், உங்கள் மனசு என்ன சொல்லிற்று? அவுட்டாகட்டும் என்றா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.