நீலம் ஏறியும் வோல்ட் இறங்கிய கதை

வார்னாவில் வேதியியல் வாத்தியாராக வீற்றிருக்கும் அன்பும் மரியாதையும் மிக்க கமென் மச்சானுக்கு, ப்லோவ்திவ் பஸ் டிப்போவிலிருந்து தங்கை புருஷன் ஜெல்யாஸ்கோ எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை பென்காவும் நலம். அங்கு அக்காவும் உங்கள் முழங்காலும் நலமா?

முதலில் நல்ல சேதி. மாலைப் பள்ளியின் வேதியியல் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டேன்! இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் டிப்போவில் மேஸ்திரி வேலை, இல்லாவிட்டால் கடைசிவரை ஸ்டியரிங்தான். அந்தக் கவலையில் ஒரு வாரமாக வீட்டிலேயே செய்து பழகினேன்.

நீங்கள் அனுப்பிய வோல்ட்மீட்டரை வைத்துச் சமையல் மேசையிலேயே மின்கலம் கட்டினேன். ஒரு ஜாடியில் துத்தநாக உப்புக் கரைசலும் துத்தநாகத் தகடும், இன்னொன்றில் திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மயில்துத்தம் என்ற செம்பு உப்புக் கரைசலும் ராக்கியா சாராயம் காய்ச்சும் பழைய அண்டாவில் வெட்டிய செம்புத் துண்டும், நடுவே உப்புநீரில் நனைத்த காகிதம். முள் 1.1 வோல்ட்டில் போய் நின்றது; எனக்கு ஆனந்தத்தில் தலைகால் புரியவில்லை. அத்தோடு விட்டிருந்தால் நான் மனுஷன். கொடிக்கு மருந்து கலக்கும்போது நீலம் ஏற ஏறத்தான் வீரியம் என்று முப்பது வருஷமாக நம்பியவன் இல்லையா, நீங்கள் கொடுத்த அம்மோனியாவைச் செம்பு ஜாடியில் ஊற்றிவிட்டேன். அடடா, என்ன நீலம்! பக்கத்து வீட்டு ஸ்பிரிடோன் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, இதில் பஸ்ஸே ஓட்டலாம் என்றான். முள்ளோ இறங்கியது. இன்னும் ஊற்றினேன், இன்னும் இறங்கியது. மச்சான் கொடுத்தது போலிச் சரக்கு என்று உங்களையும் திட்டித் தீர்த்தேன், மன்னியுங்கள். பென்காதான் புத்தகத்தை மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

“இங்க பாருய்யா, ஒவ்வொரு செம்பு அயனியையும் நாலு அம்மோனியா வளைச்சுப் பிடிச்சிருக்கு. அதான் அந்த நீலம். கல்யாணத்துல நாலு அத்தைங்க பிடிச்சுக்கிட்டா மாப்பிள்ளை எங்கேருந்து ஆட வருவான்? தகட்டுக்கிட்ட போய் எலக்ட்ரான் வாங்க ஆள் இல்ல. வோல்ட் விழாம என்ன பண்ணும்?”

இன்று தேர்வில் கவ்ரகோவா டீச்சர் அதே நீலத்தைக் காட்டி, வோல்ட் ஏன் குறைந்தது, எப்படி ஏற்றுவாய் என்று கேட்டார்.

“சும்மா திரியுற செம்பு அயனி குறைஞ்சுபோச்சுங்க டீச்சர். இனி துத்தநாக ஜாடியில அம்மோனியா ஊத்தணும். அங்க உண்டாகுற அயனியை அது பிடிச்சுக்கிட்டா, தகடு இன்னும் ஆசையா கரையும்” என்றேன்.

ஊற்றினேன். முள் ஏறிற்று! ஆறுக்கு ஆறு மதிப்பெண் என்றார் டீச்சர். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன் மச்சான், பழியை அம்மோனியாமேல் போட்டேன்.

ஞாயிறன்று ஆட்டுக்குட்டி அடுப்பேறுகிறது, அக்காவோடு வந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டு ஒயின் பீப்பாய் என்றும் வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெல்யாஸ்கோ

பி.கு.: கடிதத்தை வாங்கிப் படித்த பென்கா பள்ளி அட்டவணையைக் காட்டிச் சொல்கிறாள், இன்று நடந்தது வெறும் ஒத்திகையாம், தேர்வு அடுத்த வியாழக்கிழமையாம். டிப்போ முழுக்க இனிப்பு கொடுத்துத் தொலைத்துவிட்டேனே! பரவாயில்லை, நீங்கள் ஞாயிறே வாருங்கள். டீச்சர் நூறு தடவை கேட்கட்டும். எனக்குப் புரிந்துவிட்டது மச்சான், நிஜமாகவே புரிந்துவிட்டது.