திண்மம் அக்காவும் திறக்காத கேற்றும்

வெள்ளவத்தையில் விஞ்ஞானத்தை உருப்படியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் அதே விஞ்ஞானத்தில் மூன்று தரம் ஃபெயிலானவர். எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்த அவரை எல்லோரும் திண்மம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

'திண்மங்கள் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும்.' பள்ளிக்கூடத்தில் படித்ததில் அவருக்கு மிஞ்சியது இந்த ஒரு வரிதான். அதை வைத்தே தொழிலும் நடத்தினார். பிளவுஸ் இறுக்கமாக இருக்கிறது என்று போய் நின்றால், "பிளவுஸ் அளவு சரி. நீங்கள்தான் வெயிலுக்க வந்து விரிஞ்சிட்டீங்கள். பின்னேரம் போட்டுப் பாருங்கோ" என்பார். ஜாம் போத்தல் மூடி இறுகினால் சுடுதண்ணீர். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய தம்ளர்களுக்கு உள்ளே ஐஸ், வெளியே சுடுதண்ணீர். எஞ்சினியரிங் படித்த நான் அவரைக் கண்டாலே நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பேன். அந்தத் திமிருக்கு என் கல்யாணத்தன்றே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொடர்மாடி வாசலுக்குப் புதிதாகப் போட்ட இரும்புக் கேற் அன்று வெயில் ஏற ஏறத் தூணோடு இறுகிவிட்டது. வேறு வாசல் கிடையாது. வெளியே கார், உள்ளே பட்டுச் சேலையில் நான். முகூர்த்தம் முடிய ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பம்பலப்பிட்டி மண்டபத்திலிருந்து ஐயர் போன்மேல் போன் எடுக்கிறார். மாமா உள்ளேயிருந்து தள்ளினார், டிரைவர் வெளியேயிருந்து இழுத்தார். கேற் அசையவே இல்லை.

"ஏணி வைச்சுப் பொம்பிளையை மதிலால இறக்குவம்" என்றார் மாமா.

"கிறீஸ் பூசுங்கோ" என்றேன் நான். சொல்லிவிட்டு அழத் தொடங்கினேன்.

கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்த திண்மம் அக்கா கேற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சூடு தாங்காமல் கையை உதறினார். அந்த நேரம் பார்த்து மீன்காரர் சைக்கிளில் வந்தார்.

"மல்லி, அயிஸ் தென்ன!" என்று சிங்களத்தில் கத்தி, அந்தத் தம்பியிடம் ஐஸ் கேட்டார் அக்கா.

அம்மா பதறிப்போனார். "ஐயோ, கல்யாண நாளில மீன் ஐஸோ!"

"மீன் மணமோ, மகளின்ர கல்யாணமோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

அம்மா வாளி எடுக்க ஓடினார். மீன்பெட்டி ஐஸ் முழுவதும் கேற்றுக்கு மேலால் உள்ளே வந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து வாளி வாளியாக அக்கா இரும்பில் ஊற்ற, பாதி என் சேலையில் தெறித்தது. கடைசி வாளியில் 'டக்'கென்று ஒரு சத்தம். மாமா தள்ளினார், கேற் திறந்துவிட்டது.

"என்ன எஞ்சினியர் பிள்ளை, சரியோ?" என்றார் அக்கா மூச்சு வாங்க.

"நூற்றுக்கு நூறு அக்கா."

அவர் முகம் கொஞ்சம் மாறிப்போயிற்று. "மூண்டு தரம் எழுதினனான் பிள்ளை. ஒருக்காலும் இந்தக் கேள்வி வரேல்ல."

மணவறையில் மாப்பிள்ளை மெல்லக் குனிந்து, "ஏதோ மீன் மணக்குது, என்ன?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன் தலை நிமிர்ந்து. "எங்கட அக்கா விஞ்ஞானம் பாஸ் பண்ணிட்டா."