மேகத்துக்குள் ஒரு மேனேஜர்

பத்தரை மணிக்கு பிரின்சிக்கு டைப்பிங் வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ. போனில் பொட்டு நெட் இல்லை.

அந்த வீட்டுக்கு இருப்பது ஒரே போன். அப்பா ஆசீர்வாதம் காலை ஷிஃப்ட் போனால் அதுவும் கூடவே போய், சிப்காட் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியின் பெட்டிக்குள் நாளெல்லாம் தூங்கும். அவருக்கு நைட் ஷிஃப்ட் விழும் வாரம்தான் மகளுக்கு இன்டர்நெட். மற்ற வாரங்களில் கண்ணை மூடி, விரலால் தொடையில் டைப் அடிப்பாள். காதல் முற்றிவிட்டது என்று தெருவே பேசியது.

"இந்த வேலையும் போச்சுன்னா நானும் உன்கூட கம்பெனி பஸ்ஸுலதான் ஏறணும்பா" என்று கெஞ்சி இன்று போனை வாங்கி வைத்திருந்தாள். விடியும் முன்பே அம்மா ஆரோக்கியமேரி நெட்டைக் காலி செய்திருந்தாள்.

"ஜெபம் பாத்தேன்டி."

"ஜெபமா, பொடவை லைவாம்மா?"

"ஜெபம் முடிஞ்சு அதுவா வந்துச்சு, பாத்தேன்."

பிரின்சி பக்கத்து வீட்டுத் துளசிராமனிடம் ஓடினாள். நெல் வயல்காரர், வீட்டில் ஆளுக்கொரு போன், இரவும் பகலும் கண்சிமிட்டும் வைஃபை. மகள் கல்பனா பிரின்சியோடு படித்தவள். லேப்டாப்பைத் திறந்து கொடுத்தாள்.

"பின்னாடி செவுரு தெரிஞ்சா கெத்தா இருக்காதுடி. இரு."

ஏதோ தட்டினாள். பிரின்சிக்குப் பின்னால் கடல் விரிந்தது. கிரேன்கள் நிற்கும் காட்டுப்பள்ளிக் கடல் அல்ல. ஆளே இல்லாத நீலம். பிரின்சிக்குப் பாதம் நனைவது போலிருந்தது. தலையைத் திருப்பினால் ஒரு காது அலையோடு போய்த் திரும்பி வந்தது.

"இத்த எடுக்கத் தெரியுமாடி?"

"போடத்தான் தெரியும்."

எடுக்கப் போய்க் கடல் பனிமலையாயிற்று, மலை பூந்தோட்டமாயிற்று. அதற்குள் திரையில் மேனேஜர் வசந்தகுமார் தோன்றினார். கோட்டு, டை. முதுகுக்குப் பின்னே கண்ணாடிச் சுவர். அதற்கு வெளியே மேகங்கள் மிதந்தன.

"எங்கம்மா இருக்கீங்க?"

"தோட்டத்துல சார்."

கல்பனா பதறி இன்னொன்றைத் தட்டினாள். லேப்டாப் அப்டேட் போடுகிறேன் என்று கறுத்துப் படுத்துவிட்டது.

வைஃபையை அப்பா போனில் போட்டால், அந்தப் பழைய போனுக்கு மாடிப்படியில்தான் சிக்னல் பிடித்தது. படியில் உட்கார்ந்து மறுபடி மேனேஜரைப் பிடிப்பதற்குள் பிரின்சிக்கு அலுத்துவிட்டது.

"சார், தோட்டமெல்லாம் பொய். பக்கத்து ஊட்டு மாடிப்படில உக்காந்துகினு இருக்கேன். வைஃபை அவங்களுது, போன் எங்கப்பாது. வேல மட்டும் எனக்குத் தெரியும் சார்."

மேகங்கள் நகர்ந்தன. அவர் டையை நேராக்கிக்கொண்டார். பிறகு நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள்.

"திங்கக்கெழமை சேர்ந்துக்கோங்கம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி.

பிரின்சி படியிலிருந்து ஒரு சாண் மிதந்தாள். இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இப்படி ஒரு மனசா?

அப்போது மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஏம்ப்பா வசந்து, வைஃபைதானே ஓசில குடுத்தேன்? படிய அடைச்சிக்கினு குந்திகினா, நான் எப்டிப்பா தண்ணிக் கொடத்த மேல தூக்கினு போறது?"