ஆமையைக் கழற்றச் சொன்னவர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறை, இரண்டு மினி பஸ், ஒரு கல்யாண மண்டபம், எல்லாம் யார் சிபாரிசும் இல்லாமல் நானாக எழுப்பியவை. பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளுக்காக ஒரு டுடோரியலும் திறந்தேன். ‘மூணாப்பு படிச்சவன் பத்தாப்பு நடத்துறான்’ என்று சிரித்தவர்களின் பிள்ளைகளே அங்கே வந்து பாஸானார்கள். இத்தனையும் கட்டிய என்னைக் கிணற்றுக்குள் இறக்கிய ஒரே மனிதர் ஆமை வாத்தியார்.

தமிழ் நடத்த வந்தவர். நடையில் ஆமை இல்லை, ஓட்டம்தான். யாராவது ‘வந்துச்சாம்’, ‘போச்சாம்’ என்று சேதி கொண்டு வந்தால், வாலில் தொங்கும் அந்த ‘ஆம்’ அவருக்கு ஆகாது.

“ஏலே, செருப்போட சேத்து அந்த ஆமையும் வாசல்லயே கழட்டிட்டு வா” என்பார்.

கழற்றுவதென்றால், சொன்னவனுக்குச் சொன்னவன் யார் என்று தேடிப் போய், ‘நானே பார்த்தேன்’ என்கிற ஆளைப் பிடிக்க வேண்டும். பேப்பரில் வந்தாலும் விட மாட்டார். “அச்சுல வந்தா, ஆமுக்குச் சட்டை மாட்டிருக்குன்னு அர்த்தம்.” என் மாமியார் தவறிவிட்டாராம் என்று மச்சினன் அழுதுகொண்டு வந்தபோதும், “நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டார். மாமியார் அதற்குப் பிறகும் பல வருடம் என்னை ஏசிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அது நடந்தது. டுடோரியலின் பின்னால் ஒரு வற்றிய கிணறு, கல் பலகை போட்டு மூடியது. அதற்குள் பிள்ளை அழுகிறதாம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு மாலைப் பத்திரிகையும் போட்டுவிட்டது. பரீட்சை நேரத்தில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. டுடோரியலுக்குப் பூட்டுப் போட வேண்டிய நிலை.

“வாத்தியாரே, ஒண்ணும் இல்லைன்னு போர்டுல எழுதிருங்க.”

“விசாரிக்காம எப்பிடி முதலாளி எழுதுறது?”

மிச்சமிருந்த பிள்ளைகளை விசாரிக்க அனுப்பினார். டீக்கடைக்காரருக்குக் கண்டக்டர் சொன்னாராம். கண்டக்டருக்குப் பூக்காரம்மா சொன்னாராம். பூக்காரம்மாவுக்குச் சொன்னது யாரென்று பார்த்தால், எங்கள் கடைசி பெஞ்சு செல்வி.

அவள் எழுந்து நின்றாள். “நான் கேட்டேன் சார்.”

வாலில் ஆம் இல்லை.

வெயில் கொளுத்தும் மதியத்தில் பலகையை நகர்த்தினோம். குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. பிறகு, உள்ளே ஆழத்தில், சின்னப் பிள்ளை விக்கி விக்கி அழுவது போல ஒரு சத்தம். பட்டறை ஆட்கள் ஒருவரும் இறங்க மாட்டேன் என்றார்கள். நான் இறங்கினேன், இந்த உடம்போடு. இடுப்பில் கயிறு, மறுமுனை வாத்தியார் கையில்.

அடியில் காய்ந்த சேறு, வேறு ஒன்றுமில்லை. அழுகை நின்றிருந்தது. செத்த நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை மேலேயிருந்து.

“வாத்தியாரே, அழுறீங்களா?”

“இல்லையே முதலாளி. நீங்க அழுறீங்கன்னுல்ல நெனச்சேன்.”

மேலே வந்ததும் அவர் வாசல் போர்டில் எழுதினார்: ‘மேலே நின்றவருக்குக் கீழிருந்து கேட்டது. கீழே இறங்கியவருக்கு மேலிருந்து கேட்டது. என்னவென்று தெரியவில்லை.’

“பேய் இல்லைன்னு ஒரு வரி சேத்தா என்ன?” என்று கெஞ்சினேன்.

“பேய்ங்கிறதும் ஆம்தான், பேய் இல்லைங்கிறதும் ஆம்தான் முதலாளி.”

போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் செல்வியை அழைத்துப் போக அவள் அப்பா சின்னாளபட்டியிலிருந்து வந்தார். போர்டை நிதானமாகப் படித்துவிட்டு வாத்தியாரிடம் திரும்பினார்.

“ஊரே என்னென்னமோ சொல்லுது. தெரியலைன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். புள்ள இங்கயே படிக்கட்டும்.”

அவரைப் பார்த்து மற்றவர்களும் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினார்கள். டுடோரியல் பூட்டுக்குத் தப்பியது. சத்தம் என்னவோ நிற்கவில்லை. இன்றும் சில மதியங்களில் கேட்கிறது. நானே கேட்கிறேன்.

வாத்தியார் கண்ணை மூடிய பிறகு பழைய மாணவர்கள் அவருக்கு ஒரு நினைவு மலர் போட்டார்கள். அதில், ‘டுடோரியல் உரிமையாளர் கிணற்றுக்குள் இறங்கினாராம்’ என்று ஒரு வரி.

இறங்கினாராமா? அவரிடம் படித்த பிள்ளைகளா நீங்கள்? அடுத்த முறை அச்சிடும்போது ‘இறங்கினார்’ என்று போடுங்கள், என் பெயரோடு. பார்த்த சாட்சி வேண்டுமென்றால் கயிற்றைப் பிடித்திருந்தவரைத்தான் கேட்க வேண்டும். நான் மேலே வந்து சேர்ந்த பிறகும் அவர் அந்தக் கயிற்றை விடவே இல்லை.