மாடு தின்ற மலை

நான் செய்த சுவர்ப்படத்தை முழுமனதோடு ரசித்த ஒரே ஜீவன் ஒரு பசுமாடு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் காதுகுத்து, வளைகாப்பு எது நடந்தாலும் யாராவது இந்தக் கதையை எடுக்காமல் பந்தி முடிவதில்லை. அதனால் ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன். (அவர்கள் சொல்லும்போது மாடு வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது.)

விசிடி காலம் அது. எங்கள் ஊர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரம்மா உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரில் ஒரு முகம் தெரிந்தது. குறுக்கே வரிவரியாக வெட்டுப்பட்டு, ஒரு வரி இந்தப் பக்கம், ஒரு வரி அந்தப் பக்கம் நகர்ந்து, ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாக இருந்தது. கீறல் விழுந்த விசிடியில் கதாநாயகன் மூஞ்சி சிக்கிக்கொண்டால் எப்படி ஆகும், அப்படி. ஓடிப்போய் மானிட்டர் மண்டையில் ரெண்டு போடு போட்டேன். அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மானிட்டருக்கு ஒன்றுமில்லையாம். கலர் அட்டைகளை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, வேண்டுமென்றே அப்படிச் செய்த படமாம்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இதெல்லாம் சொல்லித்தருகிற டிசைன் படிப்பு சென்னையில் இருக்கிறது என்று தெரிந்து, விண்ணப்பம் வரவழைத்துவிட்டேன். அப்பா கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பேப்பர் வெட்டறதுக்கு மெட்ராஸ் போவணுமா?" என்றார் அப்பா. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, உங்க அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு ஒண்ணு செஞ்சு வை. நாலு பேர் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அங்கயே கையெழுத்து போடறேன்."

அண்ணன் வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருந்தான். மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். விண்ணப்பம் போய்ச் சேர அதற்கடுத்த திங்கட்கிழமை கடைசி. எனக்கு வேண்டியது நாலு பேர். வரப்போகிறவர்கள் நூறு பேர். இதில்கூடவா தோற்றுவிடுவேன் என்று நினைத்தேன். என்ன திமிர்!

என்ன செய்யலாம் என்று யோசித்து, இந்த ஊரில் பிறந்த அறிவாளி நான், எங்கள் ஊர் மலையையே செய்தேன். ஏழு அடுக்கு அட்டை. நடுநடுவே அட்டைப்பெட்டித் துண்டுகளை வைத்து, மலை சுவரிலிருந்து எழும்பி வருகிற மாதிரி. அப்புறம் பிளேடால் குறுக்கே பதினைந்து வெட்டு. உச்சி ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் நகர்த்தி, ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்க வைத்தேன். மூன்று வாரம் தூக்கமில்லை. ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சி குண்டான் குண்டானாகப் பசை. "மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுடி, பூச்சி அரிக்காது" என்று அம்மா சொன்னாள். வெள்ளை அட்டையில் அந்த நீலம் ஏறிவிடும் என்று நான் போடவில்லை. கண்ணாடி போட்டுத் தர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று ஃபிரேம் கடைக்காரர் கைவிரித்துவிட்டதால் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

பால் காய்ச்சுவதற்கு முன்னால் புதுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள். சரியென்று ஹாலில் தரையில் வைத்துச் சுவரில் சாய்த்தேன். பக்கத்திலேயே கையில் விண்ணப்பத்தோடு நின்றேன், பிரசாதம் தருகிறவள் மாதிரி.

முதலில் வந்தவர் வீடியோக்காரர். கேமராவில் பார்த்தார், முகம் வெளிறியது, கேமராவை ரெண்டு தட்டு தட்டினார். (மானிட்டர் ஞாபகம் வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.) அடுத்து வந்த மாமா ஒருவர், "ஒட்டும்போது நகர்ந்துடுச்சா, பரவால்ல விடு" என்று ஆறுதல் சொன்னார். மூன்றாவதாக அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா.

"அய்யய்யோ! யாருடி மலையை இப்படித் துண்டு துண்டா வெட்டினது?"

"நான்தான் அத்தை. கம்ப்யூட்டர்ல தப்பு வந்தா..."

"தப்புன்னு தெரிஞ்சே செஞ்சியா? மலைன்னா சாமிடி! புது வீட்டுல சாமியை வெட்டி வெச்சிருக்கா பாரு!"

அங்கேதான் எனக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர் இது. நான் பதினைந்து இடத்தில் பிளேடு போட்டிருக்கிறேன். அண்ணன் ஓடி வந்தான். "ஏய், மானத்தை வாங்காத" என்று படத்தைத் தூக்கிப்போய் வாசல் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தான்.

வைத்த பத்தாவது நிமிஷம் அதே வாசல் வழியாக மாட்டைக் கூட்டி வந்தார்கள். புது வீட்டுக்குள் பசுவும் கன்றும் வந்தால் லட்சுமி வந்த மாதிரி. வாழைப்பழத்தை நல்லா சாப்பிடட்டும் என்று காலையிலிருந்து ஒன்றும் போடவில்லையாம், மாட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். அது டவுனில் சினிமா போஸ்டர் தின்று வளர்ந்த மாடு. மைதா வாசனை அதற்குத் தாய்ப்பால் வாசனை. தட்டில் இருந்த பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கதவுக்குப் பின்னால் தலையை விட்டு, மலை உச்சியை ஒரே இழுப்பில் கிழித்தது.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். ஐயர் கையை நீட்டித் தடுத்தார். "விடும்மா, கோமாதா தானா எடுத்து சாப்பிடறா. தடுக்கப்படாது. ரொம்ப சுபம்."

அவ்வளவுதான். நூறு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மாடு ஏழு அடுக்கையும் நிதானமாக, ஒவ்வொரு அடுக்காக, கண்ணை மூடி மென்றது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தோஷத்தை அவளே தின்னுட்டா! நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு!" எல்லோரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். பசையில் அந்த மயில்துத்த விஷத்தைப் போட்டிருந்தால் மாடு செத்து, கோஹத்தி பாவமும் எனக்கே வந்திருக்கும். அதற்காகச் சந்தோஷப்படலாம் என்று பார்க்கிறேன், இன்றுவரை முடியவில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் விண்ணப்பத்தை அப்பாவிடம் நீட்டினேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு, இப்ப எதுக்கும்மா அது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை வந்தது, போனது. அடுத்த வருஷம் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். இப்போது அங்கே ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். கோணலாக வந்த தலைகளை நேராக்கித் தருவது என் தொழில்.

தெருவில் மாடு போனால் போதும், அண்ணன் உடனே, "ஏய், உன் ரசிகை வர்றா பாரு!" என்பான். போன பொங்கலுக்கும் அதே கதைதான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து ஓய்ந்ததும், அப்பா என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "நல்ல கைவேலைங்க இவளுக்கு. மெட்ராஸ்ல போய் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பா. இவளுக்குத்தான் அதுல இஷ்டமில்லாம போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "அந்த விண்ணப்பம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன்.

"எந்த விண்ணப்பம்?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகமில்லை.

"ஒண்ணுமில்லப்பா. அதையும் மாடு தின்னுடுச்சு" என்றேன்.

வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். இப்போது கதையில் அதையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.