நூற்றுப் பதினெட்டுக் கிராம்

லண்டன் மாநகரத்தில் கடிதத்தைப் பிரிக்காமலே வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தராசு அண்ணைதான். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு அரசாங்கம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு வீடு தந்திருந்தது. அண்ணை, நான், சிவா என்று மூன்று பேர், சமைக்க ஒரு குசினி. எங்களுக்குப் பிறகு வந்தவர்களைப் புதுச் சட்டம் போட்டு லண்டனுக்கு வெளியே, பேர் வாயில் நுழையாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். நாங்கள் முந்திக்கொண்டு வந்ததால் தப்பினோம். விசா முடிவு மட்டும் குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அது வருடக்கணக்காக வரவில்லை.

அண்ணையின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. கேக்குக்கு மா நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றைப் பழைய சாமான் சந்தையில் வாங்கி வைத்திருந்தார். மனுசன் வாழ்நாளில் கேக் செய்ததில்லை. குரோய்டன் கடிதம் யாருக்கு வந்தாலும் அதில் ஏறி இறங்கவேண்டும். நாற்பது கிராமுக்குள் என்றால் விசா. மேலே போனால் நிராகரிப்பு.

"தாறன் எண்டு சொல்ல ஒரு பேப்பர் காணும் தம்பி. தரமாட்டன் எண்டு சொல்லத்தான் கதை வேணும்" என்பார்.

என்னுடைய முதல் கடிதம் தொண்ணூறு கிராம். நான் சொன்ன ஒன்றையும் நம்பவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அன்றைக்குப் புட்டு அவித்துத் தந்து, அப்பீல் போடச் சொலிசிட்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனவரும் அண்ணைதான்.

பிறகு அவர் புகழ் பரவிவிட்டது. விம்பிள்டனிலிருந்து ஓர் அக்கா பிரிக்காத கடிதத்தோடு மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அண்ணை கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார்.

"நாற்பத்தொண்டு. ஈரத்துக்கு ரெண்டு கழிக்கவேணும். பிள்ளை, உமக்கு விசா."

அந்த அக்கா கடிதத்தைப் பிரிக்கும் முன்னமே குசினிக் கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டார். பிரித்தபோது விசாதான். பொறாமைப்பட்ட சிவா ஒருநாள் பீட்சாக் கடை விளம்பரத்தை உறையில் போட்டு ஒட்டி நீட்டினான். அண்ணை நிறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த நாடு உனக்குச் சாப்பாடு தரும் தம்பி, விசா தராது" என்றார்.

தேங்கிக் கிடக்கிற பழைய கோப்புகளையெல்லாம் முடித்துவிடப் போகிறோம் என்று அரசாங்கம் பிறகு அறிவித்தது. புதிய படிவம் வந்தது. அண்ணை மூன்று கொப்பி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு மனைவியும் மகளும் இருந்தார்கள். நாலு வயதில் விட்டுவந்த மகளுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

மாதங்கள் கழித்து அவருடைய கடிதம் வந்தது. நூற்றுப் பதினெட்டுக் கிராம்.

மேசையில் வைத்து நிறுத்தார். மேசை சரிவு என்று சொல்லி நிலத்தில் வைத்து நிறுத்தார். பிறகு கடிதத்தைப் பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு மாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது கையில் குளிர் ஜாக்கெட்.

"சிவா, இது உனக்கு. தம்பி, பிரஷர் குக்கரை நீ வைச்சிரு. என்னைப் பிளேனிலை ஏத்தேக்கை இதுகள் எனக்கு என்னத்துக்கு?"

"உடைச்சுப் பாருங்கோவன் அண்ணை! அப்பீலுக்குப் பத்து நாள்தான் தருவாங்கள்" என்று சிவா கெஞ்சினான்.

"நிறுத்தாச்செல்லே. பிறகென்ன பார்க்கிறது?"

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் காலை அண்ணை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறி, கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். முதல் பக்கத்தில் இரண்டாவது வரியிலேயே இருந்தது: இந்த நாட்டில் காலவரையறை இல்லாமல் தங்கலாம்.

"அண்ணை, விசா!"

"பொய் சொல்லாதை. நிறை பிழைக்காது."

நிறை பிழைக்கவில்லைதான். மீதியெல்லாம் துண்டுப் பிரசுரங்கள். வேலை தேடுவது எப்படி, டொக்டரிடம் பதிவது எப்படி, கவுன்சிலில் வீடு கேட்பது எப்படி. நன்றாகத் தடித்த தாள். கடைசித் தாளை அண்ணை தானே எழுத்துக் கூட்டி வாசித்தார். விசா கிடைத்துவிட்டதால் அகதி உதவி நிற்கிறது, இருபத்தெட்டு நாளில் அவர் இந்த வீட்டைக் காலி செய்யவேண்டும்.

"இதென்னடா! நாட்டிலை இருக்கலாமாம், வீட்டிலை இருக்கேலாதாம்!"

சிரித்துக்கொண்டே போன் கார்ட்டைச் சுரண்டி ஊருக்கு, மனைவிக்குப் போன் எடுத்தார். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் பாஸ்போட்டுக்குப் படமெடும்" என்றார். போனை என் கையில் திணித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுமுனையில், நான் ஒருநாளும் கண்டிராத ஒரு பெண், "உண்மையோ? உண்மையோ?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். "ஓம் அக்கா, நானே வாசிச்சனான்" என்றேன்.

அண்ணைக்கு விசா கிடைக்கவேண்டும் என்று எட்டு வருடம் விம்பிள்டன் பிள்ளையாரிடம் நேர்ந்தவன் நான். கிடைத்த அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். அந்த இருபத்தெட்டாம் நாள் மட்டும் வராமல் பார்த்துக்கொள் என்று, யாருக்கும் சொல்லாமல், இன்னொரு தேங்காய் நேர்ந்துவிட்டு வந்தேன்.