எழுபது விநாடி இருட்டு

நாட்குறிப்பு எழுதுகிறவன் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ராஜபாளையத்தில் அன்று அந்த மாடி அரங்கில் இருந்த அத்தனை பேரும் கூடுதல் சாட்சிகள்.

பழைய சிறைச்சாலை ஒன்றைப் பற்றி எட்டு நிமிட ஆவணப்படம் எடுத்திருந்தேன். உள்ளே கேமரா கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. என் கைவசம் இருந்தவை மதில்சுவரும், ஓய்வுபெற்று மம்சாபுரத்தில் இருக்கும் சிறைக்காவலர் சுடலைமுத்து அண்ணாச்சியின் பேட்டியும்தான். அப்போது உதித்தது அந்த யோசனை. தொடக்கத்தில் படமே வேண்டாம்! எழுபது விநாடிக்குத் திரை கன்னங்கரேல் என்று இருக்கட்டும். சாவிக்கொத்து, பூட்ஸ் நடை, இரும்புக் கதவு என்று ஒலி மட்டும். பார்க்கிறவன் தானே கைதியாகிவிடுவான். எழுபத்தோராவது விநாடியில் அண்ணாச்சியின் முகம், திரை முழுக்க. (புல்லரித்தது. எனக்கு மட்டும்.)

சாவிக்கொத்து எங்கள் வீட்டு பீரோவுடையது. பூட்ஸ் மச்சினனுடையது. கதவுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் ஷட்டர். கடைக்காரர் சலிக்காமல் பதினோரு முறை ஏற்றி இறக்கினார். ஒவ்வொன்றையும் நேரம் போட்டுக் குறித்துவைத்திருக்கிறேன். ஒன்பதாவதுதான் தேர்வானது.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ராஜபாளையத்தில் குறும்படத் திரையிடல். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம், ஒரு நிமிடம்கூடக் கூடாது. அண்ணாச்சி வேன் பிடித்து, சொந்தபந்தம் இருபத்திரண்டு பேரோடு வந்து முன்வரிசைகளை நிரப்பிவிட்டார். கைதிகளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், அவரை யாரும் படம் பிடித்ததே இல்லை.

“எம் முகம் எப்பத் தம்பி வரும்?” என்று மூன்று முறை கேட்டார்.

“எடுத்ததுமே, அண்ணாச்சி.”

விளக்குகள் அணைந்தன. சாவி குலுங்கியது. பன்னிரண்டாவது விநாடியில் ஒரு குரல்:

“ஏலே, கரண்டு போச்சு.”

“சத்தம் வருதேலே.”

“அப்ப மிசினு போச்சு.”

அரங்கத்துக் காவலாளி ஜெனரேட்டரைப் போடக் கீழே ஓடினார். புரொஜக்டர் ஓட்டும் முருகேசன் கேபிளை உருவி, ஊதி, மறுபடி செருகி, படத்தை முதலிலிருந்து போட்டார். மறுபடியும் இருட்டு, மறுபடியும் சாவி. “இருட்டுதான் படம்! இருட்டுதான் படம்!” என்று கத்தினேன். பதற்றத்தில் உளறுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஷட்டர் ஒலித்ததும் பின்வரிசையில் பால்கோவா கடைக்காரர் துள்ளி எழுந்தார்: “ஏய், இது நம்ம கடை ஷட்டருல்லா!”

முருகேசன் மூன்றாவது முறை போட்டபோது ஜெனரேட்டர் உயிர்பெற்றது. அந்த அதிர்ச்சியில் நன்றாக இருந்த புரொஜக்டர் அணைந்தது. அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டினார். “நேரம் முடிஞ்சுது சார். அடுத்த படம்.”

அண்ணாச்சி மெல்ல எழுந்து வந்தார்.

“தம்பி, முப்பது வருசம் உள்ள கெடந்தவன் சொல்லுதேன். ஜெயில்ல இருட்டே கெடையாது. ராத்திரி பூரா லைட்டு எரியும். எவன் என்ன செய்யுதான்னு பாக்கணும்லா?”

“இதை ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னேனே! அது எந்த வருசம்னு கேட்டிய. எல்லா வருசமும்தான்னேன். பொறவு நீங்க எழுதிக்கிடலை.”

(நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான்.)

வேனில் ஏறும்போது அவர் மனைவி கேட்டார்: “அப்ப இவிய முகம் வராமலே போச்சா?”

அந்தக் கேள்வி ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. இருட்டை முழுதாக வெட்டி எறிந்தேன். அடுத்த ஞாயிறு புரொஜக்டரும் ஸ்பீக்கருமாக மம்சாபுரத்தில் அவர் வீட்டுக்கே போய்விட்டேன். அதே இருபத்திரண்டு பேர், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு. பொத்தானை அழுத்தினேன். அந்த விநாடியே மின்சாரம் போனது. நிஜமாகவே.

ஒருவரும் அசையவில்லை. சிணுங்கிய பேத்தியை அண்ணாச்சியின் மனைவி அதட்டினார்: “ஏட்டி, சும்மா இரு. படம் ஓடுது. இருட்டு முடிஞ்சுதான் தாத்தா வருவாக.”

“மதினி, கரண்டு போயிருச்சு.”

“எங்களுக்குத் தெரியும் தம்பி. போன வாரமே பாத்தோம்லா.”

பதினான்கு நிமிடம், பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். மின்சாரம் வந்தது. மறுபடி அழுத்தினேன். சுவர் முழுக்க அண்ணாச்சி! வீடே அதிரக் கைதட்டினார்கள். அவர் மட்டும் கைதட்டாமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றும் எங்கள் வீட்டில் மின்சாரம் போனால் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்: “ஒங்க படம் ஆரம்பிச்சிருச்சு. செத்த நேரம் பேசாம உக்காருங்க.”